கட்டுரைக்குள் ஓடிய வழுக்கியாறு

1

எழுத்து எனக்கு வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் கையெழுத்தைப் பார்த்து, ஆடு நடந்த சேற்று வழி போல இருக்கிறது என்று என் அண்ணை அந்த நாளில் பகிடி பண்ணுவார். இப்போது வயதும் போய்விட்டது. நேற்று என்ன கறி வைத்தேன் என்று கேட்டால்கூட யோசிக்க வேண்டும். ஆனாலும் ஊர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுப் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்டபோது, மாட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் ஓம் என்று சொல்லிவிட்டேன். மாட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டே என் வாழ்க்கையில் பல காரியங்கள் நடந்திருக்கின்றன. மகள் கூப்பிட்டு நோர்வேக்கு வந்ததும் அப்படித்தான். முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது பெயர் சொன்னால் ஒருவருக்கும் தெரியாத ஒரு சின்ன ஊர். முன்னால் கடல், பின்னால் மலை, இரண்டுக்கும் நடுவில் எந்த நேரமும் மழை. இந்த ஊர்ச் சனம் நல்ல சனம். ஆனால் ஓம் என்று சொல்லும்போது மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார்கள். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. கடையில் ஒரு பெண்பிள்ளையிடம் பால் இருக்கிறதா என்று சைகையில் கேட்டேன். அவள் "ஹ்யா" என்று மூச்சை உள்ளே இழுத்தாள். எதையோ கண்டு பயந்துவிட்டாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பாணும் வெண்ணெயும் தவிர ஒன்றும் இல்லை.

வதிவிட அனுமதிக்குப் போன கந்தோரில் என் படிப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். ஐந்து வருடம் என்று மகள் தயா சொன்னாள். அந்த அதிகாரி மரியாதையோடு தலையை ஆட்டி, எந்தப் பல்கலைக்கழகத்தில் என்று கேட்டாராம். தயா சிரித்த சிரிப்பில் நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரம்பப் பாடசாலை என்று விளங்கியதும் அவருக்குத்தான் என்னைவிட அதிகம் வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து போய் எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்தார்.

2

இதை எழுதத் தொடங்கியது பேரன் அருணால்தான். அவன் மூன்றாம் வகுப்பு. காலையில் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். "அம்மம்மா, நீ கெதியா நட" என்பான். அம்மம்மாவை நீ என்று சொல்லக் கூடாது என்று தயா ஏசுவாள். அவன் பாவம், இந்த மொழியில் நீயும் நீங்களும் ஒன்றுதானாம். எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது. என்னை நீ என்று சொல்ல இப்போது வேறு யார் இருக்கிறார்கள்?

போன மாதம் அவனுடைய வகுப்புக்கு ஆசிரியப் பயிற்சிப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் எழுதப் பழகுவது எப்படி என்று அவர்கள் ஆய்வு செய்கிறார்களாம். பள்ளிக்கூடம் வரும் வழியைப் பற்றிப் பிள்ளைகள் தாங்களாகவே எழுத வேண்டும், வீட்டில் உதவி செய்யக் கூடாது என்று பெற்றோருக்குக் கடதாசி வந்தது. தயா அதை வாசித்தாள். சம்மதம் என்று கையெழுத்தும் வைத்தாள். வைத்துவிட்டு, பின்னேரம் அருணைப் பக்கத்தில் இருத்தி கொம்பியூட்டரைத் திறந்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அம்மா. அவன் என்ன எழுதலாமெண்டு சும்மா ரெண்டு வசனம் காட்டுறன். இஞ்சத்தைப் பிள்ளையளோடை இவனும் நிண்டு பிடிக்க வேணுமெல்லே."

"அப்ப ஒரு ஆறும் போட்டு விடன்" என்றேன்.

தயாவின் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கொம்பியூட்டரை மூடிவிட்டு, மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அருணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

3

தொண்ணூற்றிரண்டோ தொண்ணூற்றிமூன்றோ இருக்கும். தயா நாலாம் வகுப்பு. யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் எங்கள் வீடு தோட்டக்காணிக்குள் இருந்தது. கரண்டு இல்லாத காலம். மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்டு ஜாம் போத்தல் விளக்கு எரிப்போம். சாமான் வரத் தடை. குளிக்கச் சவர்க்காரம் வைத்திருப்பவர்கள் அதைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள்.

அப்போதுதான் ஜசிந்தா ரீச்சர் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். கொழும்புத்துறைப் பிள்ளை. ஆசிரியர் கலாசாலையில் கடைசி வருடம். கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்க முடியாது என்று பள்ளிக்கூட அதிபர் கேட்க, எங்கள் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே ஓம் என்று சொல்லிவிட்டார். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, எங்கள் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமோ என்று நான் பயந்தேன். வந்த அன்றே அடுப்படியில் என் பக்கத்தில் பலகையைப் போட்டு இருந்து, "அக்கா, கத்தரிக்காயைத் தாங்கோ, நான் வெட்டுறன்" என்றார். கத்தரிக்காயை மீன் வெட்டுவது மாதிரித்தான் வெட்டினார். எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது.

ரீச்சருடைய தகப்பன் கடற்தொழிலாளி. அந்த நேரம் சண்டையால் நேவி கடலுக்குப் போக விடவில்லை. வள்ளம் கரையில் வெயிலில் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இரண்டு தம்பிமார் படிக்கிறார்கள். ரீச்சர் அந்த வருடம் கலாசாலையை முடித்து நியமனம் எடுத்தால்தான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். முடிப்பதற்கு ஒரு ஆய்வு செய்து காட்ட வேண்டும். படிப்பிக்க முதல் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று ஒரு முன்சோதனை, படிப்பித்த பிறகு ஒரு பின்சோதனை. இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் என்ன படித்தார்கள், ரீச்சர் என்ன படித்தார் என்று எழுத வேண்டும். இதை எனக்கு விளங்கப்படுத்தும்போது ரீச்சர் இரண்டு கத்தரிக்காயை எடுத்து வைத்து, "இது முன், இது பின்" என்று காட்டினார். பின்னால் வைத்தது பெரிய கத்தரிக்காய்.

"பிள்ளையள் சொந்தமா எழுதப் பழக வேணும் அக்கா. அதுதான் என்ரை ஆய்வு. தயாவுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லிக் குடுக்கக் கூடாது, என்ன?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லிக் குடுக்கிறதுக்கு" என்றேன்.

4

ரீச்சர் செய்தது என்னவென்றால், ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம், "திங்கட்கிழமை நீங்கள் பள்ளிக்கூடம் வாற வழியைப் பற்றி எழுதப் போறீங்கள். ஆயத்தம் ஒண்டும் வேண்டாம். வரேக்கை வடிவாப் பார்த்துக்கொண்டு வாங்கோ" என்று சொன்னார். பார்க்கச் சொன்னால் பார்ப்பார்கள் என்று கொழும்புத்துறைப் பிள்ளை நம்பியிருந்தார். எங்கள் ஊர்த் தாய்மாரை அவருக்கு இன்னும் தெரியாது. சோதனை என்று ஒரு சொல் காதில் விழுந்தால், பிள்ளையை ஆயத்தம் இல்லாமல் அனுப்புகிற தாய் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூமணியக்கா அன்று பின்னேரமே எல்லாத் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு ரியூசன் மாஸ்ரரிடம் போய்விட்டார்.

திங்கட்கிழமை பின்னேரம் ரீச்சர் தாள்களை எங்கள் முற்றத்தில் வைத்துப் பார்த்தார். அந்த நாளில் கடதாசி இல்லை. பழைய கந்தோர்த் தாள்களின் பின்பக்கத்தில்தான் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். முதல் தாளைச் சத்தமாக வாசித்தார்.

"நான் நாள்தோறும் வைகறையில் துயிலெழுந்து பாடசாலைக்குப் புறப்படுவேன். வழியிலே சலசலவென்று ஓர் ஆறு பாயும். அதற்கு அப்பால் நீலமலையொன்று வானளாவி நிற்கும். மலையடிவாரத்தில் மான்கூட்டம் துள்ளி விளையாடும்."

"அட, வடிவா எழுதியிருக்கிறான்!" என்றார். இரண்டாம் தாளை எடுத்தார். அதிலும் ஆறு பாய்ந்தது. மூன்றாம் தாளில் சத்தம் நின்றுபோனது. மற்றவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் ஆறு, எல்லாவற்றிலும் மலை, எல்லாவற்றிலும் மான்.

"அக்கா, இந்த ஊரிலை மலை எங்கை இருக்கு?"

"பேருக்குக் கீரிமலைதான் இருக்கு. அதிலையும் மலை இல்லை."

ரீச்சர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து, அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. முன்சோதனையிலேயே எல்லாரும் பண்டிதர்கள். இனிப் பின்சோதனையில் எதைக் காட்டுவது?

கடைசியாகக் கிடந்தது தயாவின் தாள். அதைச் சத்தமாக வாசிக்காமல், தனக்குள் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்க எனக்குப் பயம். வேலிக்கு மேலால் பூமணியக்காவின் தலை தெரிந்தது.

"என்ன தங்கச்சி, உன்ரை மேள் நாலு வரிதான் எழுதினவளாம்? என்ரை பெடியன் பக்கம் முடிய எழுதிப்போட்டு மற்றப் பக்கமும் திருப்பினவனாம். வீட்டிலை ரீச்சரை வைச்சுக்கொண்டும் பிரயோசனமில்லை!"

எனக்கு முகம் எரிந்தது.

5

அந்தக் கிழமையே கலாசாலையிலிருந்து விரிவுரையாளர் வந்தார். சேர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு, முற்றத்தில் கதிரையில் இருந்தார். சேர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் நான் மாட்டுக்கொட்டிலுக்குள் போய்விட்டேன். யார் பெரிய ஆட்கள் வந்தாலும் எனக்கு அதுதான் பழக்கம். விதானையார் வந்தாலும் சரி, கோயில் தர்மகர்த்தா வந்தாலும் சரி, மாட்டுக்கு அந்த நேரம்தான் வைக்கோல் போட வேண்டியிருக்கும். கொட்டில் தட்டிக்குள்ளால் எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

பெறுபேறு கேட்கப் பூமணியக்காவும் தாய்மாரும் வந்து வேலியோரம் நின்றார்கள். ரியூசன் மாஸ்ரரும் சால்வையைச் சரிப்படுத்திக்கொண்டு வந்தார். சேர் தாள்களை வாசித்து முடித்து நிமிர்ந்தார்.

"இந்த ஊர்ப் பிள்ளையள் மலை தாண்டியோ பள்ளிக்கூடம் வருகினம்?"

தாய்மார் மாஸ்ரரைப் பார்த்தார்கள். மாஸ்ரர்தான் முன்னுக்கு வந்தார்.

"சேர், கட்டுரை எண்டால் ஒரு ஆறு வேணும். ஒரு மலை வேணும். இல்லாட்டில் அது கட்டுரையே?"

"மானும் வேணுமோ?"

"மான் மேலதிகம், சேர். கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு."

"எல்லாரும் எழுதியிருக்கினமே?"

"எங்கடை ஊரிலை எல்லாரும் கெட்டிக்காரர்தான் சேர்" என்றார் பூமணியக்கா.

"ஆறு எண்டு பார்த்தால், வழுக்கியாறு இருக்குத்தானே சேர்?" என்று மாஸ்ரர் விடவில்லை.

"அதுக்குள்ளை இப்ப ஆடெல்லோ மேயுது. நான் வரேக்கை பார்த்துக்கொண்டுதான் வந்தனான்."

அது உண்மைதான். மாரி மழை பெருத்தால் ஓடுகிற வெள்ள வாய்க்கால்தான் எங்கள் வழுக்கியாறு. மற்ற மாதங்களில் அதற்குள் புல்லும் ஆடும்தான்.

சேர் ரீச்சரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஜசிந்தா, இது பிள்ளையள் எழுதினதில்லை. ஒரே ஆள் இருபது முப்பது கையாலை எழுதினது. இதை முன்சோதனையெண்டு நான் ஏற்கேலாது. தவணை முடியிறதுக்குள்ளை பிள்ளையள் சொந்தமா எழுதினதைக் காட்டினால் சரி. இல்லாட்டில் அடுத்த வருஷம் திரும்பச் செய்ய வேணும்."

அடுத்த வருடம் என்ற சொல்லுக்கு ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். வெடித்துக் கிடக்கிற வள்ளத்தைத்தான் அவர் நினைத்திருப்பார். மாட்டுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் அதுதான் நினைவில் வந்தது.

"இன்னொரு தாள் இருக்கு சேர்" என்று ரீச்சர் மடித்து வைத்ததைக் கொடுத்தார். சேர் அதைச் சத்தமாக வாசித்தார்.

"நான் பள்ளிக்கூடம் வரும்போது எங்கள் ஆடு பூமணி மாமியின் பயிற்றங்கொடியைத் தின்றது. நான் துரத்தவில்லை. எங்கள் வீட்டுக்குப் பெரிய ஆட்கள் வந்தால் அம்மா மாட்டுக்கொட்டிலுக்குள் போய் நிற்பா. வேறு ஒன்றும் காணவில்லை."

பூமணியக்காதான் முதலில் திரும்பினார். பிறகு எல்லாத் தலையும் ஒன்றாக மாட்டுக்கொட்டில் பக்கம் திரும்பியது. வெளியே வராமல் என்ன செய்வது? கையில் வைக்கோலோடு வந்து நின்றேன்.

"வணக்கம் அம்மா" என்று சேர் எழுந்து நின்று கும்பிட்டார். வைக்கோலோடு நானும் கும்பிட்டேன்.

"அப்ப என்ரை பயிற்றங்கொடியைத் திண்டது உன்ரை ஆடோடி?" என்றார் பூமணியக்கா.

சேர் அந்தத் தாளைத் தயாவின் கையில் கொடுத்து, "இந்த ஒரு பிள்ளைதான் பள்ளிக்கூடத்துக்கு வந்த வழியாலை வந்திருக்கு" என்றார். பூமணியக்கா அதோடு பயிற்றங்கொடியை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். மாரி மழை வரும் வரை என்னோடு அரைவாசி முகத்தோடுதான் கதைத்தார்.

6

பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பகிடி. ரீச்சர் தாய்மார் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். "அக்காமார், பிள்ளையளுக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்க மாட்டமெண்டு உங்கடை பிள்ளையாருக்கு முன்னாலை சத்தியம் பண்ணித் தாங்கோ. எனக்கு மாதா போதும், உங்களுக்கு அவர்தானே சரி" என்றார். விரதம் பிடிக்கச் சொல்லியிருந்தால்கூட அவர்களுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திராது. பூமணியக்கா கிணற்றடிக்கு வந்து, "ரீச்சர், எழுத்துப் பிழையை மட்டும் திருத்தட்டோ?" என்று கேட்பார். "வேண்டாம் அக்கா." "ஒரு கொம்பை மட்டும்?" "வேண்டாம் அக்கா."

வகுப்பில் ரீச்சர் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளை மரத்தின் கீழ் இரண்டு இரண்டு பேராக இருத்தி, வழியில் கண்டதை ஒருவருக்கொருவர் சொல்ல விட்டார். சொன்னதைத்தான் எழுத வேண்டும். முதல் நாட்களில் ஒன்றும் காணவில்லை என்று இருந்தார்கள். பிறகு ஒரு பிள்ளை குண்டு போடுகிற பொம்மர் கண்டேன் என்றது. எல்லாரும் பொம்மர் என்றார்கள். "சரி, பொம்மர் போன பிறகு நிலத்திலை என்ன கண்டனீங்கள்?" என்று ரீச்சர் கேட்டார். அப்போதுதான் பங்கர்க் குழிக்குள் இருந்து வெளியே வந்த கோழிக்குஞ்சை ஒரு பிள்ளை கண்டது.

சொல்லிக் கொடுக்க வழியில்லாத தாய்மார் பின்னேரமானால், "இண்டைக்கு என்ன கண்டனீ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதனால் ஊரே கொஞ்சம் ஒழுங்காகிவிட்டது. வேலி அடைக்கிற சாட்டில் வேலித்தடியான கதியாலைப் பக்கத்துக் காணிக்குள் தள்ளி நடுகிற ஒரு மனிதர் இருந்தார். பெயர் வேண்டாம். அவர் அந்த வருடம் கதியாலைக் கையில் வைத்துக்கொண்டு, "பெடியள் பார்க்கிறாங்கள், பிறகு எழுதிப்போடுவாங்கள்" என்று முந்தித் தோண்டின பழைய கிடங்கிலேயே நட்டார்.

7

கார்த்திகையில் பின்சோதனைக்கு நாள் வைத்தார்கள். அதுவும் திங்கட்கிழமைதான். வெள்ளி பின்னேரம் ரீச்சர் கொழும்புத்துறைக்கு வீட்டைப் பார்க்கப் போனார். சனியும் ஞாயிறும் மழை சும்மா ஊற்றியது. திங்கள் காலை ரீச்சரும் சேரும் பெரிய ரோட்டால் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பிள்ளைகள் எழுதி முடிக்கிற நேரத்துக்கு நான் தோசையும், பனங்கட்டியோடு பால் இல்லாத பிளேன்ரீயும் கொண்டு போனேன். வீட்டில் தங்குகிற பிள்ளையின் சேருக்கு வெறும் வயிறு விடக் கூடாது. ஆனால் உள்ளே போகக் கால் வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன். சேர் முதல் தாளை எடுத்தார். முகம் மாறியது. இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டார்.

"ஜசிந்தா, திரும்பவும் ஆறு ஓடுது."

ரீச்சர் ஒரு தாளை இழுத்து எடுத்துப் பார்த்தார். "எனக்குத் தெரியாது சேர். நான் சொல்லிக் குடுக்கேல்லை…"

யன்னலுக்கு வெளியே பூமணியக்காவின் குரல் கேட்டது. "பிள்ளையாராணை, நானும் சொல்லிக் குடுக்கேல்லை!" அதற்கும் பின்னால் மாஸ்ரர், "நானுமில்லை! நான் ஆற்றை எப்பவோ விட்டிட்டன்!" என்றார்.

சேர் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அந்தப் பேனை உள்ளே போனதைக் கண்டதும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. தேத்தண்ணி ஊற்றிய மூக்குப்பேணியும் கையுமாகக் கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. தயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சேர்… ஆறு ஓடுது" என்றேன்.

"ஓம் அம்மா, அதைத்தானே நானும் சொல்லுறன்."

"இல்லை சேர். மெய்யா ஓடுது. வழுக்கியாறு. ராத்திரிப் பெய்த மழைக்கு. நான் அதுக்குள்ளாலைதான் வந்தனான். வந்து பாருங்கோ."

அவர் என் காலைப் பார்த்தார். சேலைக்கரையெல்லாம் சேறு. தேத்தண்ணியை வாங்கி ஒரு மிடறு குடித்தார். பிறகு தாள்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காற்சட்டையை முழங்கால் வரை மடித்தார். முழு வகுப்பும் பின்னால் போனது. தாய்மாரும் போனார்கள். மாஸ்ரரும் போனார்.

ஆறு ஓடியது. செம்மண் நிறத்தில், இரண்டு கரையும் முட்டி, நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. சேர் வடமராட்சிக்காரர். யாழ்ப்பாணத்தில் ஒரு ஆறு ஓடி அவர் அதுவரை கண்டதில்லையாம். குனிந்து தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு மதகில் குந்தியிருந்து தாள்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார்.

ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "பூமணி மாமியின் பனையோலைக் கடகம் ஆற்றில் போனது. மாமி பிடிக்க ஓடி விழுந்தா. நான் சிரித்தேன். பிறகு தூக்கிவிட்டேன்."

இன்னொன்று: "ஆறு எங்கள் புகையிலை நாற்றைக் கொண்டுபோய்விட்டது. அப்பா ஒன்றும் கதைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன்."

மாஸ்ரரின் மகன்: "அப்பா இதுதான் ஆறு என்றார். மலை எங்கே என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு நட என்றார்."

சிரித்த சிரிப்பில் சேர் மதகிலிருந்து விழப் பார்த்தார். மாஸ்ரரும் சிரித்தார். என்ன செய்வது, மகன் எழுதியது உண்மை.

தயாவின் தாளையும் வாசித்தார். "அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தா. சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கினா. ஒருவரும் காணவில்லை என்று சொன்னா. நான் கண்டேன்."

அந்த ஆற்றுக்குள் குதித்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

"போன முறை எல்லாத் தாளிலையும் ஒரே ஆறு, ஜசிந்தா. இந்த முறை தாளுக்கு ஒரு ஆறு ஓடுது" என்று சொல்லி, சேர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். அங்கேயே, மதகில் வைத்தே, கையெழுத்து வைத்தார். ரீச்சர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அத்தனை பேருக்கு முன்னால். எனக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பூமணியக்காதான் என் கையிலிருந்த தோசைப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து முழு முகத்தோடு கதைத்தார்.

8

ரீச்சர் அந்த வருடமே கலாசாலையை முடித்தார். நியமனமும் கிடைத்தது. அதைச் சொல்ல வந்தபோது, மீன் இல்லாத அந்தக் காலத்திலும் எங்கிருந்தோ தேடி ஒரு பொட்டலம் கூனி இறால் கொண்டுவந்தார்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லாரும் இடம்பெயர்ந்தோம். கொடிகாமத்துப் பக்கம், சனத்தோடு சனமாக நடந்துகொண்டிருந்தபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தின் கீழே பிள்ளைகளை வட்டமாக இருத்தி வைத்திருந்த ஒரு ரீச்சரைக் கண்டேன். "வாற வழியிலை என்ன கண்டனீங்கள்?" என்று கேட்கிற குரல் எனக்குக் கேட்டது. கேட்ட மாதிரித்தான் இருந்தது. நின்று பார்க்க முடியவில்லை, பின்னால் வந்த சனம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அருண் எழுதிய கட்டுரையைப் போன கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தான். தயா உதவி செய்யவில்லை. பிள்ளையாருக்கு முன்னால் நான் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவன் போகிற வழியில் ஒரு ஆறு மெய்யாகவே ஓடுகிறது. அதற்கு அப்பால் நீலமாக ஒரு மலையும் நிற்கிறது. மான்கூடச் சில நாளில் வரும். மாஸ்ரர் எழுதிய வழியால்தான் என் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். மாஸ்ரர் இருந்தால் இதைக் காட்டியிருக்கலாம். ஆனால் அருண் மலையையும் எழுதவில்லை, மானையும் எழுதவில்லை. தயா வாசித்துத் தமிழில் சொன்னாள்:

"நான் அம்மம்மாவோடு போவேன். அம்மம்மாவின் கை சூடு. என்ரை ரீச்சர் எதிரில் வந்தால் அம்மம்மா திரும்பி நின்று ஆற்றைப் பார்ப்பா. ரீச்சர் போன பிறகு நாங்கள் நடப்போம்."

தயா தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வீட்டில் மாட்டுக்கொட்டில் இல்லாததால் நான் சமையல் குசினிக்குள் போனேன்.

மலர்க்குழுப் பிள்ளைகளே, நான் எழுதியதில் பிழை இருக்கும். அது நாலாம் வகுப்பா மூன்றாம் வகுப்பா என்று பூமணியக்காவின் மகனைக் கேட்டுப் பாருங்கள், அவன் ஊரில்தான் இருக்கிறானாம். சேர் இருந்த மதகு இப்போதும் இருக்கிறதா, பள்ளிக்கூடத்திலிருந்து எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். எனக்குத் திசை மாறிவிட்டது. கொழும்புத்துறைப் பக்கம் யாராவது போனால், ஜசிந்தா ரீச்சரை விசாரித்து, கொடிகாமத்தில் அந்த மரத்தின் கீழ் இருந்தது அவர்தானா என்று கேட்டுச் சொல்லுங்கள். அவர் கையில் இதைக் கொடுத்தால் இன்னும் நல்லது. கொம்பு, குற்று எல்லாம் சிவப்புப் பேனையால் திருத்தட்டும். இடம் காணாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். ஆற்றை மட்டும் வெட்ட வேண்டாம். அன்றைக்கு அது மெய்யாகவே ஓடியது.